தீவு என்று யாரும் சொல்லாத தீவு
எண்ணூர்: உள்ளூர்க் குறிப்புகளின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க எண்ணூர்க்காரர். பக்கத்துல ஒரு தீவு இருக்காமே, அங்க வாழ்றவங்க எப்படி வாழ்றாங்க, புதுசா வர்றவங்க என்னென்ன தெரிஞ்சு வச்சிக்கணும், கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்." உடனே பதில் சொல்ல முடியவில்லை. தகவல் இல்லாததால் அல்ல. கேள்வியே கொஞ்சம் இடித்தது. வெப்பமண்டலத் தீவு என்றதும் நம் கண்முன் வருவது தென்னை, வெள்ளை மணல், நீலத் தண்ணீர், சாய்வு நாற்காலி. அந்தப் படத்தில் அங்கேயே பிறந்தவன் இருந்தால் தட்டேந்தி நிற்பான். அவனிடம் கேட்கப்படும் 'குறிப்பு'களும் அந்தத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியவைதாம்.

இந்தப் படம் தானாக வந்ததில்லை. 'வெப்பமண்டலம்' என்பது வெறும் தட்பவெப்பச் சொல் அல்ல, ஐரோப்பியர் தமக்கு வெளியே ஒரு 'மற்றமை'யைக் கட்டிக்கொள்ளப் பயன்படுத்திய சொல்லாடலும்கூட என்று டேவிட் ஆர்னால்டு போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சொர்க்கம், இன்னொரு பக்கம் காய்ச்சலும் சோம்பலும். எண்ணூரும் அந்தச் சொல்லாடலுக்குள் இருந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கோட்டையிலிருந்த கம்பெனிக்காரர்களுக்கு எண்ணூர்க் கழியோரம் ஓய்வு எடுக்கும் இடம். பங்களா கட்டினார்கள், படகு விட்டார்கள், கழியில் விளைந்த ஆழி தின்றார்கள். இருநூறு வருஷம் கழித்து அதே கழியில் நிலக்கரிச் சாம்பல் மிதந்தது. சொர்க்கத்துக்கும் குப்பைமேட்டுக்கும் இடையில் இருந்த மனிதர்கள் இரண்டு கதைகளிலும் பேசவில்லை.

நண்பர் கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும். குறிப்புகளையே எழுதுகிறேன். ஆனால் சுற்றுலாக் குறிப்புகளாக அல்ல, வரலாற்று ஆவணங்களாக. ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்கு 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே' என்று சொல்லிவைப்பதில் அந்த ஊரின் வரலாறு இருக்கிறது. அந்தச் சொற்கள் எப்போது மாறின என்று பார்த்தால் அதிகாரம் எப்போது உள்ளே வந்தது என்பதும் தெரியும். இக்கட்டுரை அதற்கான ஒரு தொடக்க முயற்சி மட்டுமே.

2

முதலில் அந்தத் தீவு எங்கே இருக்கிறது? எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரையில், காட்டுக்குப்பம் பக்கம் நின்று வடக்கே பார்த்தால் தெரிவதுதான் அது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் வாய். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் நீளமான மணல்திட்டு. காட்டுப்பள்ளித் தீவு என்று ஆவணங்களும் செய்தித்தாள்களும் சொல்கின்றன. அங்கே பிறந்து எண்ணூர்க் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எங்க ஆயா வாயிலிருந்து 'தீவு' என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. "அக்கரைக்குப் போறேன்" என்பார். அவ்வளவுதான். தீவு என்பது வெளியிலிருந்து பார்ப்பவனின் சொல். உள்ளே இருப்பவனுக்குத் தண்ணீர் எல்லை அல்ல, வழி.

அந்த வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் 1806 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. பின்னால் அது வடக்கே நீண்டது. 1877-78 பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. வெட்டினவர்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தவர்கள், பெயர் பிரபுவுடையது. உப்பும் விறகும் இந்த வழியாகத்தான் பட்டணம் போயின. உப்போ 1805 முதல் சென்னை மாகாணத்தில் கம்பெனியின் ஏகபோகம். ஆக இந்தக் கழி நவீன அரசுக்குப் புதிதாகக் கண்ணில் பட்ட இடம் அல்ல. அது ஏற்கெனவே கணக்குப் புத்தகத்தில் இருந்தது: வண்டிப்பாதையாக, உப்பு விளையும் களமாக. வாழிடமாக மட்டும் இருந்ததில்லை.

3

முதல் குறிப்பு தண்ணீர் பற்றியது. சிறுவயதில் ஆயாவோடு அக்கரைக்குப் போனபோது கேட்டது. கடலுக்கும் கழிக்கும் நடுவில் மணல்மேடு. இரண்டு பக்கமும் உப்பு. தாகம் எடுத்தால்? ஆயா மேட்டின் மேற்குச் சரிவில் ஒரு இடம் பார்த்துக் கையால் மணலை வாரினார். இரண்டு மூன்று அடியில் ஈரம், இன்னும் கொஞ்சத்தில் ஊற்று. "மேலாக்கத் தோண்டு, போதும். ஊறட்டும், கம்முனு இரு. பேராசப்பட்டு ஆழமாப் போனேன்னு வச்சிக்க, கடலு உள்ள வந்துடும்." சொம்பில் எடுத்துக் குடித்தோம். இனிப்பாகத்தான் இருந்தது.

இதன் இயற்பியல் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் கண்ணாடிவில்லை போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு. இதையே மறுபுறமாகப் படித்தால், மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். ஆயாவின் 'பேராசைப்படாதே' என்பது நீதிபோதனை அல்ல, நீரியல்.

இதே காலத்தில் கழிக்கு மேற்கே அரசு என்ன செய்துகொண்டிருந்தது? 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளின் நிலத்தடி நீர் ஆய்வு செய்யப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைந்தன. ஆழ்குழாய்கள் இறங்கின. அந்த நீர் சென்னை நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் இயங்கத் தொடங்கியிருந்தது. அதைச் சுற்றி உரம், ரசாயனம் என்று ஆலைகள் முளைத்தன. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருப்பது அறுபதுகளின் கடைசியிலேயே தெரிந்தது. எண்பதுகளில் அது பல கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. நெல் விளைந்த ஊர்களில் கிணறு கரித்தது. ஆயா சொன்ன அதே கதை: ஆழமாகப் போனார்கள், கடல் உள்ளே வந்துவிட்டது.

இதற்கு அரசு கண்ட விடை நமக்கெல்லாம் தெரியும். 2010-ல் காட்டுப்பள்ளியிலேயே, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. மணலைக் கையால் வாரினால் நல்ல தண்ணீர் வந்த தீவில், மின்சாரம் கொடுத்துக் கடலிலிருந்து உப்பைப் பிரித்து, மிஞ்சிய செறிவு உப்புநீரைக் கடலுக்கே திருப்பி, குடிநீரைக் குழாய் வழியாக நகரத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. இதை நான் தொழில்நுட்ப எதிர்ப்பாகச் சொல்லவில்லை. பட்டணத்து மக்களுக்கும் தாகம் உண்டு. நான் கேட்பது வேறு. இரண்டு அறிவுகளில் ஒன்று 'திட்ட அறிக்கை' ஆகிறது, இன்னொன்று 'கிழவி சொன்னது' ஆகிறது. இந்தப் பாகுபாட்டைச் செய்வது எது? ஃபூக்கோ 1976 சொற்பொழிவுகளில் 'அடக்கப்பட்ட அறிவுகள்' என்று சொன்னது இப்படி அறிவு என்ற தகுதியே மறுக்கப்பட்டவற்றைத்தான். அவை பொய் என்று நிரூபிக்கப்பட்டவை அல்ல. கேட்கப்படாதவை.

4

இரண்டாவது குறிப்பு நிலவைப் பற்றியது. "அமாவாச, பௌர்ணமிக்குத் தண்ணி ஏத்தமும் வத்தமும் வேகமா இருக்கும். அட்டமி நவமியில தண்ணி செத்த தண்ணி, வலைய ஒணத்து." சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுக்கும் நாட்களில் ஓதம் பெரிது, செங்கோணத்தில் இழுக்கும் எட்டாம் நாளில் சிறிது. இதில் மர்மமொன்றும் இல்லை. ஆனால் இறாலின் வாழ்க்கையே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, அலையாத்தி வேரிலும் சேற்றிலும் தின்று வளரும். வளர்ந்தபின் இருட்டுக்கால வத்தத்தோடு கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில் நின்று பிடிப்பதுதான் கழித் தொழில். எனவே முகத்துவாரம் மண்ணடைத்தாலோ, கழியில் தண்ணீர் சூடானாலோ, சேறு சாம்பலானாலோ கடல்காரனுக்கும் அடி விழும். கழியை மூடினால் கழி மீனவனுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைப்பவர்கள் இறாலின் வழியைப் படிக்காதவர்கள்.

எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்குப் 'பாடு' என்று பெயர். பழவேற்காட்டு ஏரியிலும் இந்தக் கழியிலும் வழங்கிவந்த முறை இது. நல்ல இடம் ஒருவனிடமே தங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, ஊர் ஊராக, ஆள் ஆளாகச் சுற்றி வரும். பொதுச்சொத்தைக் காவல்காரன் இல்லாமல் காப்பது எப்படி என்று உலகம் முழுக்கப் பேசுகிற ஆய்வாளர்கள் பழவேற்காட்டுப் பாட்டு முறையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். எங்க தாத்தாவுக்குப் பாடு இருந்தது. நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பாடு யாருக்கு? தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு யார்? பட்டினவர் சாதியில் பிறந்து கல்யாணமான ஆண். வலை பின்னிக்கொடுத்து, மீனைக் கூடையில் சுமந்து விற்று, கடன் அடைத்த ஆயாவுக்குப் பாடு இல்லை. ஏரியோர, கழியோர தலித் மக்களுக்குப் பாடு இல்லை. பழவேற்காட்டில் இதற்காகவே நெடுங்காலமாகத் தகராறுகள் நடந்திருக்கின்றன. இருளர்களுக்குப் பாடு இல்லை. அவர்கள் வத்தத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால். வலை இல்லை, படகு இல்லை, சேற்றின் வெப்பமும் அசைவும் விரல்நுனிக்குத் தெரியும். கழியைப் பற்றி இவ்வளவு நெருக்கமான அறிவு வேறு யாருக்கும் கிடையாது என்று நினைக்கிறேன். ஆனால் 'உள்ளூர் அறிவு', 'மரபு அறிவு' என்று நாம் மேடையில் பேசும்போது அந்த அறிவின் சொந்தக்காரனாக வந்து நிற்பது பெரும்பாலும் வலைக்காரன்தான், பறி கவ்விய பெண் அல்ல.

உள்ளூர் என்பது ஒற்றைக்குரல் அல்ல. அதற்குள்ளும் மேல் உண்டு, கீழ் உண்டு. அரசின் பெருங்கதையாடலுக்கு எதிராக உள்ளூரை நிறுத்தும்போது அந்த உள்ளூருக்குள் அடக்கப்பட்டதை மறைத்துவிட்டால், நாமும் ஒரு சிறிய அரசையே கட்டுகிறோம். இதை எழுதினால் ஊரில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

5

மூன்றாவது குறிப்பு கல்லைப் பற்றியது. கடலோடும் கிழவர்கள் சொல்வது: "தெக்க ஒரு கல்லு போட்டா வடக்க ஒரு ஊரு போவும்." வருஷத்தின் பெரும்பகுதி இந்தக் கரையில் தெற்கிலிருந்து வடக்காக நீரோட்டம், தெண்டி என்பார்கள். வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்காக வரும் வன்னி. தெண்டியின் கை ஓங்கியிருப்பதால் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அதைக் குறுக்கே மறித்துக் கல் கொட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் அரிக்கும்.

இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் வேலை 1870களின் நடுவில் தொடங்கியது. தெற்கே சேர்ந்த மணல்தான் மெரினா. அதில் சிலை வைத்தோம், கூட்டம் போட்டோம், காற்று வாங்கினோம். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரை கடலுக்குள் போயிற்று. தெருக்கள் போயின. மெரினாவின் அகலமும் வடசென்னையின் இழப்பும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள். நகரத்தின் பண்பாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பத்தியை மட்டும் எழுதுகிறார்கள்.

அதே கணக்கு 2001-ல் எண்ணூருக்கு வடக்கே திரும்ப எழுதப்பட்டது, அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட துறைமுகம் வந்தபோது. காமராசர் பெயர் 2014-ல் வைக்கப்பட்டது. அதற்கும் வடக்கே கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்க்கப்பட்டது. 2011-ல் இன்னொன்றும் நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரித் தூசியால் நகரம் மாசடைகிறது என்று வழக்கு. உயர்நீதிமன்றம் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் அங்கே கையாளக் கூடாது என்றது. சரியான தீர்ப்புதான். தூசி எங்கே போயிற்று? எண்ணூருக்கு. ஒரு நுரையீரலின் உரிமை இன்னொரு நுரையீரலின் கணக்கில் தீர்க்கப்பட்டது.

இவ்வளவும் எப்படி முடிந்தது என்றால், அதற்கு முன்பே சொல்லில் ஒரு வேலை முடிந்திருந்தது. வருவாய்த்துறை மொழியில் கழி புறம்போக்கு. வரி விதிக்கப்படாத, தனி உடைமையாகாத, எல்லாருக்குமான நிலம் என்பதுதான் அதன் பொருள். அதே சொல் தெருவில் வசைச்சொல் ஆயிற்று. எல்லாருக்குமானது எதற்கும் உதவாதது என்று ஆனபோதே கழியை நிரப்புவதற்கான அனுமதி மொழிக்குள் கிடைத்துவிட்டது. 'கழி' என்ற சங்கச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'கழிவு' என்ற சொல் வந்து உட்கார்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் வகுப்பறையில் நெய்தல் திணையை உருகி உருகி நடத்திய நம் தமிழ்ப் பேராசிரியர்களில் எத்தனை பேர், அந்தக் கழியும் கானலும் இருபது கிலோமீட்டரில் சாம்பலாவதைப் பார்த்தார்கள்? நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரங்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள் போலும்.

சொல்லுக்கு அடுத்து வரைபடம். 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. அதன்படி 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர்க் கழியின் சுமார் 6,500 ஏக்கர், கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழியே இல்லை. தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, படகு ஓடுகிறது. காகிதத்தில் மட்டும் காணோம். மீனவர்கள் ஆற்றுக்குள் இறங்கி நின்று போராடினார்கள். அந்த வருஷம்தான் புறம்போக்கு என்ற சொல்லையே திருப்பிப்போட்டுக் கர்நாடக இசையில் டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டும் வந்தது. வரைபடம் என்பது நிலத்தின் படம் அல்ல, நிலத்தின் மீது இடப்படும் ஆணை என்று தியரி படித்தவர்கள் சொன்னபோது எனக்கு மிகையாகப் பட்டது. எண்ணூரில் அது வெறும் செய்தி.

6

இனிப் புதிய குறிப்புகள். இவற்றை ஆயா எனக்குச் சொன்னதில்லை. அவர் காலத்தில் இவை இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் இயங்கத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. கழிக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் வந்தது, பின்னால் பெருகியது. வல்லூரில் இன்னொன்று 2012-க்குப் பின். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்களில் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். குழாய்கள் கசிந்தன, உடைந்தன. சாம்பல் ஆற்றின் அடியில் படிந்தது. ஆள் முழுகும் ஆழம் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் என்று பெரியவர்கள் காட்டுகிறார்கள். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லப்படுபவை இவை:

"வாடை திரும்பிட்டா துணிய வெளிய காயப் போடாத, கருவாட்டயும் மூடு." மின்நிலையமும் நிலக்கரி மேடும் வடக்கே, வாடைக்காற்று அங்கிருந்து வரும்.

"குழா ஒடஞ்சிருந்தா அந்தப் பக்கம் எறங்காத. பாக்கத் தரை மாதிரி இருக்கும், கால வச்சா தொடை வரைக்கும் இழுத்துடும்." ஈரச் சாம்பல் சேறு.

"வெந்நீர் வர்ற வாயில வலை கட்டாத." மின்நிலையத்தைக் குளிர்வித்த சூட்டுத் தண்ணீர் கழியில் கலக்கும் இடத்தில் இறால் தங்காது.

"ஆத்துல எறங்கறதுன்னா செருப்போட எறங்கு, காக்கா ஆழி அறுத்துடும்." காக்கா ஆழி என்பது தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு கருநிறச் சிப்பி. கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்து இறக்கும் தண்ணீரில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அடித்தரையில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, மஞ்ச மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்கிறது. வத்தத்தில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரலை அறுக்கிறது. மீனவர்கள் பெயர் வைத்துப் புகார் செய்தபின்தான் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அந்நிய உயிரி ஒன்றுக்குப் பெயர் சூட்டிய முதல் ஆய்வாளர்கள் இவர்கள்தாம். எந்த ஆய்விதழில் அவர்கள் பெயர் வரும்?

"எண்ணெ மெதந்தா படக வெளிய இழுத்துடு, வலைய நனைக்காத." இந்தக் குறிப்புக்கு இரண்டு தேதிகள் உண்டு. 2017 ஜனவரி 28, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயை வாளியில் மொண்டார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்கு வந்தது. ஆறு வருஷம் கழித்தும் வாளிதான். மொண்டவர்கள் பெரும்பாலும் மீனவர்களே.

கடைசிக் குறிப்பு அதே மாதம் வந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பெரியகுப்பம் அருகே ஒரு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே தேதியில் சுனாமிக்கு ஓடின ஜனம். அப்போது கடலைப் பார்த்து ஓடத் தெரிந்தது. இப்போது எதைப் பார்த்து ஓடுவது? இன்றைக்கு அங்கே பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது: "கண்ணு எரிஞ்சா துணிய நனைச்சு மூஞ்சில கட்டிக்க. காத்து போற தெசையில ஓடாத, குறுக்கால ஓடு." அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும், ஈரத்துணி கொஞ்சம் தடுக்கும். வாயு காற்றோடு போகும், குறுக்கே நகர்ந்தால் தப்பலாம். முழுக்கச் சரியான குறிப்பு. ஆபத்தான ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் வேறு யாரோ.

பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது, 'இங்கே தோண்டு, இப்போது வலை கட்டு, ஊறட்டும்' என்று வாழ்வதற்கு வழி சொன்னது. புதியது, 'போடாதே, இறங்காதே, மூடு, ஓடு' என்று தப்பிக்க வழி சொல்கிறது. ஏவல் வினை எதிர்மறை ஏவலாக மாறியிருக்கிறது. இலக்கணத்தில் நடந்த இந்த மாற்றத்துக்கு வயது சுமார் ஐம்பது. எண்ணூரின் தொழில்மய வரலாற்றை ஆலைகளின் தொடக்கவிழாக் கல்வெட்டுகளிலிருந்து எழுதினால் வளர்ச்சி தெரியும். இந்தக் குறிப்புகளிலிருந்து எழுதினால் அந்த வளர்ச்சிக்கு யார் எந்த உறுப்பால் விலை கொடுத்தார்கள் என்பது தெரியும்.

அதே சமயம் இந்த ஆலைகள்தான் வடசென்னைத் தொழிலாளி வர்க்கத்தை உருவாக்கின என்பதையும் மறந்துவிடக் கூடாது. கப்பல், நிலக்கரி, லாரி, டயர், தீப்பெட்டி என்று ஒரு நூற்றாண்டின் கூலியும் சங்கமும் இங்கேதான். என் அப்பா ஒரு ஆலையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எனவே 'ஆலை வேண்டாம், கழி போதும்' என்று சுலபமாக எழுதிவிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் தொழிற்சங்கம் ஆலைவாசலுக்கு உள்ளேயும், மீனவர் போராட்டம் ஆலைச்சுவருக்கு வெளியேயும் தனித்தனியாக நின்றதால் லாபம் யாருக்கு என்று கேட்கும் உரிமை உண்டு. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் தொழிலாளியும் அதே காற்றைத்தான் சுவாசித்தான்.

7

இப்போது ஏன் இதை எழுத வேண்டும்? 2018-ல் கைமாறிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து எடுக்கும் நிலம். தெற்கே போட்ட கல்லுக்கு வடக்கே இருப்பது இப்போது காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் மணல்திட்டு சில இடங்களில் மிகவும் ஒடுங்கியது. அது அறுந்தால் ஏரி ஏரியாக இருக்காது. 2021 ஜனவரியில் வைத்த பொதுமக்கள் கருத்துக் கேட்பு தள்ளிப்போனது; 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது. மக்கள் எதிர்ப்பு இல்லாமல் இவை தள்ளிப்போயிருக்காது. 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி, கழியைச் சீரமைக்கக் கூறியது. ஆக எதுவும் முடிந்துபோன கதை அல்ல.

நம்மைப் போல் எழுதுகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை? குறிப்புகளைத் தொகுக்கலாம் என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். ஆனால் தொகுப்பதிலும் ஒரு பறிப்பு உண்டு. திட்ட ஆலோசகர்களும் குப்பத்துக்கு வந்து மீன்பெயர் கேட்கிறார்கள், காற்றுப்பெயர் கேட்கிறார்கள், அறிக்கையில் 'சமூக விவரம்' என்று ஒரு அத்தியாயம் போடுகிறார்கள். சொன்னவன் வாயிலிருந்து பிரிந்த குறிப்பு யார் கைக்கும் போகும். சாதியும் பாலும் துடைக்கப்பட்டு 'பாரம்பரிய அறிவு' என்று கண்காட்சியில் மாட்டப்படும்.

எனவே என் யோசனை சிறியது. கருத்துக் கேட்பு என்று அடுத்தமுறை பந்தல் போட்டால், புள்ளிவிவரத்துக்குப் புள்ளிவிவரம் என்று நாம் போய் நிற்பதோடு, இந்தக் குறிப்புகளைச் சொன்னவர்களே சாட்சியமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் பேச்சிலேயே, பதிவேட்டில் அப்படியே ஏறும்படியாக. முதலில் பேச வேண்டியவர்கள் பறி கவ்வி இறால் பிடித்தவர்கள். அடுத்தது கூடை சுமந்தவர்கள். பாடு இருந்த எங்களைப் போன்றவர்கள் கடைசியில் பேசலாம். அதற்கு முன்னால் ஊருக்குள் நாங்கள் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கழி மீண்டு வந்தால், பாடு யாருக்கு? அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் கழியைக் காப்போம் என்று கோஷம் போடுவது பாதிக் கோஷம்தான்.

நண்பருக்கு இதையே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். அவர் அக்கரைக்குப் போவதானால் செருப்போடு இறங்கட்டும். மேட்டின் மேற்குச் சரிவில் எங்காவது மணல் மிஞ்சியிருந்தால் கையால் மட்டும் தோண்டிப் பார்க்கட்டும். ஊற்று இன்னும் இனிக்கிறதா என்று அவர் வந்து சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.